மழைத் தண்ணீர் சுத்தம் என்றால் மீன் ஏன் செத்தது?

கேள்வி: ஐயா, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு ஏரிக்கரை ஊர் எங்களுடையது. என் கணவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை (மீன்பாசியை) குத்தகைக்கு எடுத்து, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டு வளர்த்தார்கள். கோடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றிவிட்டது. நல்ல பச்சையாக இருந்ததால் மீனுக்குத் தீனி நிறைய இருக்கிறது என்று தைரியமாக இருந்தோம். ஆடி கடைசியில் இரண்டு நாள் ஒரே மப்பு. மூன்றாம் நாள் ராத்திரி பலத்த மழை. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் கரையோரம் முழுக்கச் செத்த மீன். பெரிய கட்லா ஒன்றுகூட மிஞ்சவில்லை. பொடி ஜிலேபி மீன் கொஞ்சம் தப்பியது. விரால் ஐந்து உயிரோடு ஓரத்தில் கிடந்தன, தண்ணீர்ப்பாம்பும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் டிகாஷன் மாதிரி கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தது. ஏலத்தில் எங்களுக்கு எதிராகக் கேட்டவர் மருந்து கலந்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. ஊர்க்கூட்டம் போடப்போகிறார்கள். ஆறாவது படிக்கும் என் மகனோ, "மழைத்தண்ணிதான் சுத்தமான தண்ணின்னு புத்தகத்துல இருக்கே, அப்புறம் எப்படிம்மா மீன் சாகும்?" என்று கேட்கிறான். இது விஷமா, மழையா? மிச்சம் இருக்கும் மீனைச் சாப்பிடலாமா? எங்கள் போர் கிணறு ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் யாரும் மருந்து கலந்ததாகத் தெரியவில்லை. உங்கள் மீன் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது. ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் இந்தப் பதிலை உங்கள் கணவருக்கும் மற்ற நாலு பேருக்கும் படித்துக் காட்டுங்கள். ஒரு மனிதர் செய்யாத குற்றத்துக்கு ஊர் நடுவில் நிற்கக்கூடாது.

இருபது வருஷத்துக்கு மேலாக ஏரி, குளம், உப்பங்கழி என்று தண்ணீரைச் சோதிக்கிற வேலை எனக்கு. மீன் செத்த இடத்துக்குக் கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது செத்த மீனை இல்லை, சாகாமல் இருப்பது எது என்றுதான் பார்ப்பேன். நீங்கள் அதையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை இவையெல்லாம் செவுளால் மட்டும் மூச்சுவிடுகிற மீன்கள் இல்லை. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி, அதிலிருந்தும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். சேற்றிலும் அவை பிழைத்துக் கிடப்பது அதனால்தான். கட்லாவுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்தால் வளர்ப்புக் கெண்டைகளில் முதலில் தவிப்பது அதுதான். பூச்சிமருந்து இப்படி ஆள் பார்த்துக் கொல்லாது. விராலும் சாகும், பாம்பும் தவளையும் தண்ணீர்ப்பூச்சியும் சாகும். பெரும்பாலும் பொடிமீன்தான் முதலில் போகும். உங்கள் ஏரியில் பெரியது போய்ப் பொடி தப்பியிருக்கிறது. பெரிய உடம்புக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும், பொடிமீன் தண்ணீரின் மேல்தோலை ஒட்டி நின்று சமாளித்துவிடும். செத்த நேரத்தையும் பாருங்கள். விடியற்காலை. மருந்து என்றால் எந்த நேரத்திலும் சாகலாம். மூச்சுமுட்டிச் சாவது மட்டும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

ஏன் அந்த நேரம் என்று சொல்கிறேன். நாம் இழுக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் ஏரித்தண்ணீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்கக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாக ஆக அதுவும் குறையும். கெண்டை இனம் நன்றாக வளர 5 மில்லிகிராமாவது வேண்டும். 3க்குக் கீழே போனால் தீனி எடுக்காது. 1ஐ நெருங்கினால் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து நிற்கும். அதற்கப்புறம் ரொம்ப நேரம் தாங்காது. மீனின் வாழ்க்கை எப்போதும் இந்த ஏழுக்கும் ஒன்றுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

இனி அந்தப் பச்சை. அது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசி. பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும். சாயங்காலம் மீட்டரை விட்டுப் பார்த்தால் 10, 12 என்றுகூடக் காட்டும். ராத்திரி அதே பாசி, மீனைப் போல, தானும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அடியில் சேற்றில் இருக்கும் பாக்டீரியாவும் எடுக்கும். இருட்டின நேரத்திலிருந்து அளவு இறங்கிக்கொண்டே வந்து, விடிவதற்குச் சற்று முன்னால் ஆகக் குறைவாக இருக்கும். பாசி மிதமாக இருந்தால் காலை வரைக்கும் தாக்குப்பிடிக்கும். அளவுக்கு மீறின பச்சை என்றால் ஒவ்வொரு ராத்திரியும் விளிம்பில்தான் நிற்கும்.

உங்கள் ஏரியில் இரண்டு நாள் மப்பு. பாசிக்கு வெயில் இல்லை, பகலில் சேர்க்கவேண்டிய ஆக்சிஜன் சேரவில்லை. ராத்திரிச் செலவு மட்டும் வழக்கம்போல நடந்தது. மூன்றாம் நாள் பெய்த மழை குளிர்ந்த தண்ணீர். குளிர்ந்த நீருக்குக் கனம் அதிகம், கீழே இறங்கும். அடியில் இருந்தது புரண்டு மேலே வரும். சேற்றை ஒட்டி நின்ற அந்த அடித்தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே கிடையாது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவும் அதில் இருக்கும், நீங்கள் சொன்ன அழுகின முட்டை நாற்றம் அதுதான். சேற்றிலிருக்கும் இரும்போடு அது சேர்ந்தால் கறுப்பு. செத்த பாசியும் சேர்ந்துகொண்டு தண்ணீர் டிகாஷன் ஆகிவிட்டது. இத்தனைக்கும் மேலே, வரத்துக்கால்வாய் வழியாக முதல் வெள்ளம் வந்து விழுந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கிறது.

சில வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு ஏரிக்கு விடியற்காலை நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் மட்டத்தில் நூற்றுக்கணக்கான வட்ட வாய்கள், திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மழைத்துளி விழுகிற மாதிரி ஒரு சத்தம். கரைந்த ஆக்சிஜனைப் பார்க்க நாங்கள் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து, அங்கேயே இரண்டு ரசாயனம் ஊற்றுவோம். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் திப்பி திப்பியாக விழும். அன்றைக்கு வெள்ளையாக விழுந்தது. பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன், வெள்ளையாகவே நின்றது. சுத்தமாக ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். பக்கத்தில் குத்தகைக்காரர் நின்று, "ஏதாவது ஊத்தினா சரியாயிடுமா சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆறு மணிக்குள் எல்லாம் மிதந்துவிட்டது. அந்த ஊரிலும் அதே பேச்சுதான், யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று. இரண்டு குடும்பங்கள் அதற்கப்புறம் வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தை ஒதுக்கி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் மகன் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. அவன் புத்தகத்தில் இருப்பதும் பெரும்பாலும் சரி. வெயில் கடலிலிருந்தும் ஏரியிலிருந்தும் தண்ணீரை ஆவியாக எடுக்கும்போது நீரை மட்டும்தான் எடுக்கிறது. உப்பு, சேறு, சாயம் எல்லாம் கீழேயே நின்றுவிடும். வீட்டிலேயே காட்டலாம். அரை டம்ளர் தண்ணீரில் உப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் கலந்து கொதிக்க வையுங்கள், மேலே ஒரு குளிர்ந்த தட்டைக் கவிழ்த்துப் பிடியுங்கள். தட்டில் திரளும் சொட்டை அவன் நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். உப்பு கரிக்காது, மஞ்சளும் இருக்காது. பாத்திரம் வற்றினதும் அடியில் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். மழை எப்படி வருகிறது என்பதை எல்லோரும் அந்தத் தட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம். பாத்திரத்தின் அடியைக் காட்ட மறந்துவிடுகிறோம்.

உங்கள் ஏரிதான் அந்தப் பாத்திரம். கோடை வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் தண்ணீர் மேலே போயிருக்கும். பங்குனியில் தலைக்குமேல் நின்றது ஆடியில் இடுப்பளவு ஆனது. அதில் கலந்திருந்த அழுக்கு ஒரு சொட்டுகூடக் கூடவே போகவில்லை. பாதித் தண்ணீரில் முழு அழுக்கு. மேலே போன ஆவி சராசரியாக ஒன்பது பத்து நாளில் எங்கோ மழையாக விழுந்துவிடும், உலகத்துத் தண்ணீர் இப்படி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அழுக்கு சுற்றுவதில்லை. விட்ட இடத்திலேயே குவிந்துகொண்டிருக்கும்.

இதற்கு நம் கண்முன்னே நடந்த சாட்சி ஒரத்துப்பாளையம் அணை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேர்வது நொய்யல். அதன் குறுக்கே பாசனத்துக்காக 1992ல் கட்டி முடித்த அணை அது. ஆற்றில் மழைத்தண்ணீரோடு திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவும் வந்து அணையில் தேங்கியது. துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பு போடுவார்கள், துணியை அலசும்போது அத்தனையும் வெளியே வரும். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனது, உப்பை அணையில் வைத்துவிட்டுப் போனது. நீர் உப்பானது, சுற்றுப்பட்டு ஊர்களில் கிணறும் உப்பானது. பாசனத்துக்காக அணை கேட்டவர்களே, இந்தத் தண்ணீரை இங்கே தேக்காதீர்கள் என்று கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிப்பவர்களுக்கே பிறகு அனுமதி. தண்ணீர் வந்தால் சந்தோஷப்படுகிற பூமியில், அணையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து விவசாயி பயப்பட்டார் என்றால் அதைவிட வேதனை என்ன இருக்கிறது?

புத்தகம் 'பெரும்பாலும்' சரி என்றேன், இல்லையா? உங்கள் மகன் இன்னும் கேட்பான், அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சில அழுக்கு மேலேயும் ஏறும். நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தகம் மேகத்தில் கரைந்து அமிலமாகிக் கீழே வரும். 1960களின் கடைசியில் ஸ்வீடன் நாட்டு மண்ணியல் அறிஞர் ஸ்வாந்தே ஓடேன், தங்கள் ஏரிகளில் மீன் குறைவதற்குப் பிரிட்டன் மற்றும் ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் புகையே காரணம் என்று எடுத்துக் காட்டினார். ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஆயிரக்கணக்கான ஏரிகளில் மீன் இல்லாமல் போனது. அமில மழை மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக் கொண்டுவந்து மீனின் செவுளில் படிய வைத்தது, மூச்சு நின்றது. புகை ஒரு நாட்டில், செத்த மீன் இன்னொரு நாட்டில். பாதரசமும் இப்படி ஆவியாகிப் போய்த் திரும்ப விழக்கூடியது. உங்கள் ஏரிக்கு நடந்தது இது இல்லை. உங்கள் ஊரில் வானம் குற்றவாளி இல்லை.

சரி, குற்றம் எங்கே? வரத்துக்கால்வாயில். மழை விட்டதும் ஒரு நாள் காலை உங்கள் கணவரும் மகனும் ஏரியிலிருந்து கால்வாய் வழியாக மேலே நடந்து போகட்டும். செருப்பு போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். நான் நடந்த பல கால்வாய்களில் பார்த்தது ஒரே மாதிரிதான் இருக்கும்: கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் கொட்டிய எச்சில் இலை, கறிக்கடை மூட்டை கட்டிப் போட்ட கோழிக்கழிவு, புது மனைப்பிரிவிலிருந்து வரும் குழாய், வயலில் போட்டு மிஞ்சின யூரியா, ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரி வந்து திறந்துவிட்டுப் போன தடம். கோடை முழுக்க இவை அங்கேயே காய்ந்து கிடக்கும். நடந்து போகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார். முதல் பலத்த மழை அத்தனையையும் ஒரே ராத்திரியில் வாரிக்கொண்டு வந்து ஏரியில் கொட்டும். எங்கள் அனுபவத்தில் அந்த முதல் ஒரு மணி நேரத் தண்ணீர்தான் ஆக மோசம். அப்புறம் வருவது போகப் போகத் தெளியும்.

அது எப்படி ஆக்சிஜனைத் தின்கிறது என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சாதாரண வீட்டுச் சாக்கடை ஒரு லிட்டரில் இருக்கும் அழுக்கைச் சிதைக்கப் பாக்டீரியாவுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 250 என்று வையுங்கள். நல்ல ஏரித்தண்ணீர் ஒரு லிட்டரில் இருப்பது ஏழரை. ஆக, ஒரு லிட்டர் சாக்கடை 33 லிட்டர் ஏரித்தண்ணீரின் மூச்சை எடுத்துவிடும். 5,000 லிட்டர் லாரி ஒன்று என்றால் 1,65,000 லிட்டர். செப்டிக் டேங்க் கசடு சாக்கடையைவிடப் பல மடங்கு கெட்டி, அதற்கு இந்தக் கணக்கும் போதாது. ஏரி தன்னால் இதைச் செரித்துக்கொள்ளும், காற்றிலிருந்து ஆக்சிஜன் இழுத்துக்கொண்டே இருக்கும், அவகாசம் கொடுத்தால். இடுப்பளவுத் தண்ணீருக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் வந்தால் என்ன செய்யும்?

இன்னொன்றும் கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். குத்தகைக்காரர்கள் ஏரியில் சாணமும் கோழி எருவும் போட்டார்களா? பெரும்பாலும் போடுவார்கள், பாசியும் நுண்ணுயிரும் பெருகும், மீனுக்குத் தீனி. தண்ணீர் நிறைய இருக்கும்போது அளவாகப் போட்டால் தப்பில்லை. வற்றின ஏரியில், மேலிருந்தும் கழிவு வரும் ஏரியில், அது நம் கையாலேயே பாரம் ஏற்றுவது. பச்சை அளவு மீறிவிட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். வெயில் நேரத்தில் கையைத் தண்ணீரில் நேராக விட்டு, முழங்கை நனையும் வரை இறக்குங்கள். உள்ளங்கை மங்கலாகவாவது தெரிய வேண்டும். அதற்கு முன்பே விரல் மறைந்தால் பாசி அதிகம், எருவையும் தீனியையும் அன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் ஏரியில் மணிக்கட்டு வரை விட்டாலே விரல் மறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது செய்யவேண்டியது. செத்த மீனை முழுக்க அள்ளிவிடுங்கள், கரையிலும் போடாதீர்கள், அழுகினால் மறுபடி ஆக்சிஜனைத் தின்னும். ஏரிக்கும் கிணற்றுக்கும் தள்ளி மேட்டில் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஏரிக்குள் சுண்ணாம்பு மூட்டை கொட்டச் சொல்லி நாலு பேர் சொல்வார்கள், சோதிக்காமல் கொட்ட வேண்டாம். அழுகின தண்ணீரில் அமோனியா இருக்கும். பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7ல் அதில் நூற்றில் ஒரு பங்குகூட மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்காது. சுண்ணாம்பு போட்டு 9க்கு ஏற்றிவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படி மாறிவிடும். தப்பிப் பிழைத்ததும் போய்விடும்.

அடுத்தமுறை மப்பு போட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் டார்ச்சோடு போய்ப் பார்க்கட்டும். மீன் மேலே வந்து வாய் பிளந்தால் ஏரித்தண்ணீரையே மோட்டாரில் இறைத்து, ஓட்டை போட்ட தகரத்தின் மேல் விழுகிற மாதிரி திருப்பி விடுங்கள். தண்ணீர் எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு காற்று வாங்கும். வெயில் ஏறும் வரை நிறுத்தாதீர்கள். முழு ஏரியையும் காப்பாற்ற முடியாது, மோட்டாரைச் சுற்றி மீன் வந்து கூடும், அந்த மூலை போதும். அந்த நேரத்தில் வலை இழுத்துச் சேற்றைக் கலக்கிவிடாதீர்கள்.

செத்து மிதந்த மீனைச் சாப்பிடக்கூடாது, விற்கவும் கூடாது, கருவாட்டுக்கும் கூடாது. எப்போது செத்தது என்று தெரியாத மீன் அது. உயிரோடு இருப்பதை, தண்ணீர் தெளிந்து நாற்றம் போய்ச் சில வாரம் கழித்துச் சாப்பிடலாம், மேலே தொழிற்சாலைக் கழிவு எதுவும் கலக்கவில்லை என்றால் மட்டும். தோல் பதனிடுவது, முலாம் பூசுவது மாதிரியான பட்டறை இருந்தால் சோதிக்காமல் தொடாதீர்கள். உலோக விஷம் மீனுக்குள் சேர்ந்து நிற்கும், பார்த்தாலும் மோந்தாலும் தெரியாது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ரசாயனத் தொழிற்சாலை விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதருக்குப் போனது. 1956ல் நோய் என்று அது பதிவானபோது, மீன் தின்ற பூனைகள் ஏற்கெனவே வலிப்பு வந்து செத்துக்கொண்டிருந்தன. அங்கே தின்றவர்களுக்கு மீன் எப்போதும்போல நன்றாகத்தான் தெரிந்தது.

போர்த் தண்ணீர். மண் நல்ல வடிகட்டி, சேற்றையும் நிறத்தையும் பெரும்பாலான கிருமியையும் பிடித்துக்கொள்ளும். உப்பையும் நைட்ரேட்டையும் பிடிக்காது. சாக்கடையும் யூரியாவும் இறங்கும் இடத்தில் நைட்ரேட் ஏறும், குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரம். கொதிக்க வைத்தால் கிருமி போகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகத்தான் ஆகும் (மகனுக்கு அந்தப் பாத்திரத்தை மறுபடி ஞாபகப்படுத்துங்கள்). வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சோதனை முடிவு வரும்வரை புட்டிப்பாலுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். நைட்ரேட், மொத்த உப்பு, மலக்கிருமி மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

ஏரித்தண்ணீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்திலும் மீன்வளத்துறையிலும் எழுத்தில் மனு கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். லாரி நம்பர், நேரம், போட்டோ இருந்தால் மனுவில் சேருங்கள். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி ஓடையிலோ ஏரியிலோ மாசு விடக்கூடாது. மறுபடி மீன் செத்தால் அன்றைக்கே போன் செய்யச் சொல்லுங்கள். செத்துப் பல மணி நேரம் ஆன மீனில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தத்தளித்துக்கொண்டிருக்கும் மீன் இரண்டைப் பிடித்து ஐஸில் வைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீரும் அந்த நேரமே, பாட்டில் கழுத்து வரை நிரப்பி, ஐஸில்.

கால்வாய்க்கு ஊர்தான் வேலை செய்ய வேண்டும். வைகாசியில், மழை தொடங்கும் முன்னால், ஒரு நாள் எல்லோரும் இறங்கிக் குப்பையை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஏரி வாயில் ஒரு சின்னக் குட்டை வெட்டி முதல் தண்ணீரை அதில் நிறுத்திக் கசடைப் படிய விட்டு, தெளிந்ததை ஏரிக்கு அனுப்பலாம். பஞ்சாயத்து மனசு வைத்தால் ஜேசிபி இரண்டு நாள் வேலை. வண்டலை அனுமதி வாங்கி எடுத்து வயலுக்குப் போட்டுக்கொள்ளலாம். ஏரியின் அடிச்சேறு குறைந்தால் அடுத்த மழைக்குப் புரண்டு வர அங்கே ஒன்றும் இருக்காது.

ஊர்க்கூட்டத்துக்கு உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மனிதர் பெயரை யாராவது எடுப்பதற்கு முன்னால் உங்கள் கணவர் எழுந்து, உயிரோடு கிடந்த அந்த ஐந்து விராலைப் பற்றிச் சொல்லட்டும். பிறகு கூட்டத்தை அப்படியே கால்வாய்க்கு நடத்திக்கொண்டு போங்கள்.